பம்பு மாற்றிய மாதம்

மே 3, சனி

காலை ஏழு மணிக்கு டேங்கின் பெரிய பம்பு நின்றுவிட்டது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. மேலே மீனும் பவளமும். கீழே அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து கீழே வரும், வடிகட்டியில் அழுக்கை விட்டுவிடும், பம்பு அதை மறுபடி மேலே தள்ளும். நாளெல்லாம் இதேதான் வேலை. இப்போது தள்ள ஆளில்லை. பம்பு இல்லாமல் மீன் இரண்டு நாள் தாங்கும் என்று கோமதியின் நோட்டில் எழுதியிருக்கிறது.

டேங்க் என் மனைவி கோமதியுடையது. பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறாள். ஆறு வருடமாக அவள்தான் பார்த்துக்கொண்டாள். நான் லிஃப்ட் சர்வீஸ் இன்ஜினியர். மோட்டாரைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். மீனில் எனக்குத் தெரிந்தது குழம்பு மட்டும்.

ஏப்ரல் 16-ஆம் தேதி, எட்டாம் மாதத்தில், எங்கள் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பெண். கோமதிக்கு பிரஷர் ஏறியதால் மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். அவள் மறுநாள் தெளிவாகக் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "நீங்க பாத்தீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றேன். அதன் பிறகு என்னிடம் "ம்", "வேண்டாம்", "சாப்ட்டேன்" என்ற மூன்று வார்த்தைகளை வைத்து ஓட்டுகிறாள். இதை ஒரு முறை எழுதியாயிற்று. இனி எழுத வேண்டியதில்லை.

அவள் அம்மா, அதாவது என் அத்தை, பத்து நாள் இருந்துவிட்டு சங்கரன்கோவிலுக்குப் போனார். மகளைக் கையோடு கூட்டிப்போகத்தான் பார்த்தார். "மீன விட்டுட்டு எப்படிம்மா வர?" என்று கோமதி சொல்லிவிட்டாள். மாதக் கடைசியில் அத்தை மறுபடி வருகிறார். டேங்க் ஓடும்வரை கோமதி இங்கே இருப்பாள். போனால் திரும்பி வருவாளா என்பது எனக்குத் தெரியாது. அதனால் பம்பு வாங்க வேண்டும்.

மே 4, ஞாயிறு

கொளத்தூர் போனேன். தெரு முழுக்க மீன் கடை. கோமதி வழக்கமாக வாங்குவது டொமினிக் கடையில். ஐம்பது வயது, கையெல்லாம் உப்பு பூத்து வெள்ளையாக இருக்கிறது.

"எவ்ளோ தண்ணி சார்?"

"கீழ்த்தொட்டியோட சேத்து முந்நூறு லிட்டர்."

"எவ்ளோ ஒசரம் ஏத்தணும்?"

"நாலரை அடி."

"அட்டைல மூவாயிரம் லிட்டர்னு போட்டிருப்பான். அது தரையில ஓட்டிப் பாத்த கணக்கு. மேல ஏத்துனா பாதி காணாம பூடும். மணிக்கு ஆயிரத்தி ஐநூறு, ரெண்டாயிரம் மேல வந்தா போதும் உங்களுக்கு."

எனக்குப் புரிகிற பாஷை. லிஃப்டில் எட்டுப் பேர் என்று பலகை மாட்டியிருப்பார்கள். எட்டுப் பேரும் சாப்பிட்டுவிட்டு வந்தால் தெரியும்.

பழைய மாடல் ஏசி பம்பு ஒன்று, புது டிசி பம்பு ஒன்று, இரண்டையும் வாளியில் ஓட்டிக் காட்டினார். பழையது ரொம்ப நாள் உழைக்குமாம், ஆனால் உறுமும். டிசி பம்பில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சத்தம் வராது. காதை வைத்துக் கேட்டேன். வரவில்லை. அதையே எடுத்துக்கொண்டேன்.

"மேடம் வரலியா சார்? வந்தா என்னை ஒரு வழி பண்ணிடுவாங்களே!"

"ஊருக்குப் போயிருக்காங்க" என்றேன்.

மே 5, திங்கள்

பழைய பம்பைப் பிரித்துப் பார்த்தேன். தண்ணீர் குறைந்து, காற்றைக் குடித்து, மோட்டார் காயில் எரிந்திருக்கிறது. அத்தை இருந்தவரை கோமதி சொல்லச் சொல்ல அவர்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் போனபிறகு யாரும் ஊற்றவில்லை. நானும்தான் தினமும் அந்த வழியாகப் போய் வந்தேன்.

புதுப் பம்பு மாட்டினேன். ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை.

கீழ்த்தொட்டியில் கோமதி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். அந்த அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். நோட்டில் "புதுத் தண்ணீர்: லிட்டருக்கு 35 கிராம் உப்பு, 1.025" என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறாள். ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து, உப்பைத் தராசில் நிறுத்துக் கரைத்து, உப்பின் அடர்த்தி காட்டும் மானியை மிதக்கவிட்டுப் பார்த்தேன். 1.025. ஒரு புள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினைந்து லிட்டர் பிடித்தது.

மே 7, புதன்

வெயிலுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் ஆவியாகிறது. காலையில் ஆபீஸ் போகும் முன் உப்புத் தண்ணீர் கரைத்துக் கோடு வரை ஊற்றுகிறேன். கோமதி சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறாள். என்னையா தொட்டியையா என்று தெரியவில்லை.

மே 9, வெள்ளி

அண்ணாநகரில் ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அங்கே இருக்கும் செக்யூரிட்டி போன மாதம் வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பார். இன்றும் கேட்டார்.

"சார், கொழந்த பொறந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க. அடுத்த மாசம்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த சர்வீஸ் ஜூனில். அப்போது வேறு ஆளை அனுப்ப வேண்டும்.

லிஃப்டைத் திறந்தபோது உள்ளே ஒரு பெண், கையில் இரண்டு மாதக் குழந்தை, தலையில் கம்பளிக் குல்லா. இந்த வெயிலில் எதற்குக் குல்லா? நம்முடையதற்குக் குல்லாவே தேவைப்பட்டிருக்காது, அவ்வளவு முடி.

மேலே இருக்கும் வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். அடித்தாலும் தெரியும். விட்டுவிட்டேன்.

மே 12, திங்கள்

தொட்டியின் நடுவில் காளான் மாதிரி ஒரு பெரிய மென்பவளம் இருக்கிறது. கோமதி அதைக் குடை என்பாள். மேலே ஆயிரம் சின்ன விரல்கள் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். இன்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு வழுக்கையாக நிற்கிறது.

புதுப் பம்பின் வேகம் பழக வேண்டும் போல. ஒரு படி குறைத்தேன்.

மே 14, புதன்

குடை திறக்கவில்லை. வேகத்தை இரண்டு படி கூட்டினேன்.

மதியம் கரண்ட் போனது. பம்பு நின்றதும் மேலே இருக்கும் குழாய் மூழ்கியிருந்ததால், தண்ணீரைத் திருப்பி உறிஞ்சி இறக்கிவிட்டது. கீழ்த்தொட்டி நிரம்பிக் கூடம் முழுக்கக் கடல். அப்படி ஆகாமலிருக்கக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை உண்டாம், பாசி பிடித்து அடைத்திருக்கிறது. நோட்டில் ஏழாம் பக்கத்தில் "மாதம் ஒரு முறை குத்திவிடவும்" என்று இருக்கிறது. நான் ஆறாம் பக்கம் வரைதான் படித்திருந்தேன்.

பக்கெட்டும் துணியுமாக ஒரு மணி நேரம். கோமதி காலைத் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். முன்பென்றால் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மே 16, வெள்ளி

நான்கு லிட்டர் ஊற்றினேன்.

மே 18, ஞாயிறு

மறுபடி கொளத்தூர். டொமினிக்கிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். சின்னச் சின்ன பட்டன் பவளங்களும் மூடிக்கொண்டன. நெற்றியைச் சுருக்கினார்.

"உப்பு பாத்தீங்களா?"

"தெனமும் பாக்கறேன். 1.025. கரெக்டா."

"அப்ப உப்பு இல்ல. ஓட்டம் பத்தலியோ என்னமோ. கீழ இருந்து ஏத்தற பம்பு வடிகட்டறதுக்கு. உள்ளார அலை அடிக்கணும் இல்ல? கடல்ல தண்ணி ஒரே பக்கமா போவுமா?"

பழைய அலை பம்பு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, கிழம். புதிதாக இரண்டு வாங்கினேன். எதிரெதிர்ச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒன்று ஊதும்போது மற்றது ஓயும். மணிக்கு எட்டாயிரம் லிட்டரா, பன்னிரண்டாயிரமா என்று அரை மணி நேரம் யோசித்தேன். வேறு எதையும் யோசிக்காமல் அரை மணி நேரம் போனது. பன்னிரண்டாயிரம் எடுத்து, பாதி வேகத்தில் ஓட்டுவதாக முடிவு. மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டுவது எனக்குப் பிடிக்காது.

மே 20, செவ்வாய்

அலை அடிக்கிறது. குடை மூடியேதான் இருக்கிறது.

நுரை வடிப்பான் மாற்றிவிட்டேன். தண்ணீருக்குள் காற்றுக் குமிழியை விட்டு நுரையாக்கி, அழுக்கை ஒரு கிண்ணத்தில் ஒதுக்கும். பழையது சின்னத் தொட்டிக்கானது. புதியதன் கிண்ணத்தைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். வேலை செய்கிறது என்று அர்த்தமாம்.

தொட்டியின் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்பு பூக்கிறது. தினமும் துடைக்கிறேன். குழாய் எங்கோ கசிகிறதா என்று எல்லா மூட்டையும் இறுக்கினேன்.

மே 22, வியாழன்

அத்தை போன் செய்தார்.

"மாப்ள, முப்பத்தொண்ணு காலைல வாரேன். சாயங்கால ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. அவ அங்க ஒத்தையில கெடந்து என்னத்துக்கு? நீங்களும் வேலைக்குப் போயிருதீங்க."

"மீன் இருக்கே அத்தை."

"மீனா? அது எல்லாம் செத்துட்டு இருக்குன்னுல்லா சொல்லுதா."

அம்மாவிடம் சொல்கிறாள். என்னிடம் "ம்". கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மே 24, சனி

இதை விவரமாக எழுத வேண்டும்.

காலையில் வாளியில் உப்பு கரைத்து, அளந்து, கீழ்த்தொட்டியில் ஊற்றப் போனேன். பின்னால் கோமதியின் குரல்.

"இன்னும் எவ்ளோ நாளைக்கு உப்புத் தண்ணி ஊத்துவீங்க?"

ஒரு முழு வாக்கியம். வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"உன் நோட்டுல அப்படித்தானே இருக்கு? லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம்."

"அது பழைய தண்ணிய எடுத்துட்டுப் புதுசு மாத்துததுக்கு. காஞ்சு போனதுக்கு வெறும் தண்ணிதான் ஊத்தணும். தண்ணிதானங்க ஆவியாப் போகும்? உப்பு எங்க போகும்?"

மானியை நான் தினமும் வாளியில்தான் மிதக்கவிட்டேன். தொட்டியில் ஒரு நாளும் விடவில்லை. இன்று விட்டேன். 1.033. இருபது நாளாகத் தராசில் நிறுத்து நிறுத்து, இந்த உயிர்களுக்கு நான் உப்புப் போட்டு ஊறவைத்திருக்கிறேன். ஆறு கிலோ உப்புப் பாக்கெட்டில் பாதி காலி. பம்பு, அலை, நுரை எல்லாம் மாற்றினேன். மோட்டார்க்காரனுக்கு எல்லாமே மோட்டார் கோளாறு.

"எப்போ தெரியும் உனக்கு?"

"பத்து நாளா பாக்கேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்களும்தான் எதையும் சொல்லல" என்றாள்.

நான் வாளியைக் கழுவப் போய்விட்டேன்.

மே 25, ஞாயிறு

ஒரேயடியாக உப்பைக் குறைத்தால் இருப்பதும் செத்துவிடுமாம். தினமும் கொஞ்சம் தொட்டித் தண்ணீரை எடுத்து, அவ்வளவு வெறும் தண்ணீர் விட வேண்டும். கோமதி நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னாள், நான் செய்தேன். தொட்டியைப் பற்றி மட்டும் பேசினாள். 1.031.

மே 27, செவ்வாய்

1.029. பட்டன் பவளத்தில் இரண்டு கூட்டம் கரைந்தே போய்விட்டது. குடை பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்றாள்.

வாளியைத் தூக்கும்போது கேட்டாள். "அது எத்தன லிட்டர்?"

"பதினெட்டு."

"ஏப்ரல் பதினாலு அன்னிக்கு ரெண்டு வாளி தூக்குனேன். நீங்க வந்து தூக்குதேன்னு சொன்னீங்க. வரல. ஒரு தூக்குதான்னு தூக்கிட்டேன். மறுநாள்ல இருந்து பிள்ள அசையல."

அன்று தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட். ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொல்லி, பத்து மணிக்கு வந்தேன். அவள் வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு வாரமாக அந்த வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை எடுத்துக்கொண்டு தினமும் அவள் முன்னால் நடந்தேன்.

மே 28, புதன்

வாளியால் இல்லை. எனக்குத் தெரியும். டாக்டர் காட்டினார். தொப்புள்கொடியில் ஒரு முடிச்சு, கயிற்றில் விழுவது போலவே, இறுகியிருந்தது. எப்போதோ உள்ளே நீந்தும்போது தானாக விழுந்தது, யாராலும் தடுத்திருக்க முடியாது என்றார். ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் எழுதியிருக்கிறது. "இப்ப அவங்ககிட்ட எதுவும் பேச வேணாம், கொஞ்சம் தேறட்டும்" என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டது நான். காகிதம் என் ஆபீஸ் மேஜையில் இருக்கிறது. கண்ணில் படக்கூடாது என்று நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

சொல்லலாம். ஆனால் முடிச்சைப் பார்த்தேன் என்றால் குழந்தையைப் பார்த்தேன் என்று ஆகிவிடும். பார்த்தேன். நர்ஸ் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "அம்மாவுக்குக் காட்டணுமா சார்? மயக்கம் தெளிஞ்சிட்டு இருக்கு, கொஞ்ச நேரம் இருங்க" என்றாள். என் அம்மா, "வேணாம்டா, பாத்தா மறக்கவே மாட்டா" என்றார். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், வழக்கம் அதுதான். அண்ணனும் நானும் பத்து மணிக்குள் அடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

மே 29, வியாழன்

1.027. இன்றும் சொல்லவில்லை.

மே 31, சனி

காலையில் அத்தை வந்தார். ஐந்து மணி ரயிலுக்கு, மூன்றரை மணிக்கு வண்டி வரச் சொல்லியிருந்தேன். அத்தை சாப்பிட்டுவிட்டுச் சமையலறையில் வழிக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருந்தார். கோமதி அறையில் துணி மடித்து வைத்தாள். எல்லாத் துணியும். மழைக்காலத்துக்கான சால்வை வரை எடுத்து வைத்தாள். மூன்று மணி.

அறை வாசலில் நின்று சொன்னேன். "நான் பாத்தேன் கோமதி."

"எத?"

"குழந்தைய."

கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். நிறுத்தினால் மறுபடி வராது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "வாளி இல்ல. கொடியில முடிச்சு விழுந்திருந்துச்சு. டாக்டர் எடுத்துக் காமிச்சாரு. எப்பவோ விழுந்த முடிச்சு. நீ ஒண்ணுமே பண்ணல. நீ வாளி தூக்கினாலும் தூக்கலன்னாலும் அதான் நடந்திருக்கும்."

கோமதி எழுந்து வந்து என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நாந்தான் கொன்னேன்னு கெடந்தேனே! ஒண்ணரை மாசம்! ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு வாய் வரலயா?"

"வரல."

"பாக்கலன்னு சொன்னீங்க."

"பொய்."

"ஒரு தடவ என் கையில தந்திருக்கலாம்லா. ஒரே ஒரு தடவ."

"தந்திருக்கணும். நர்ஸ் கேட்டாங்க. வேணாம்னு சொன்னது நான்தான். அம்மா சொன்னாங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. என் வாய்தான் சொல்லிச்சு."

சொல்லும்போது அழுதுவிட்டேன். ஏப்ரலில் ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, மண் போடும்போதும் அழவில்லை. இப்போது நிற்கவே இல்லை, மூக்கெல்லாம் ஒழுகிற்று. கோமதி சட்டையை விடவில்லை. அவளும் அழுதாள். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்தவில்லை. முடி இருந்ததா? நிறைய. சுருட்டையா? ஆமாம், உன் மாதிரி. கண்? மூடியிருந்தது, தூங்குகிற மாதிரிதான். மூக்கு? என் மூக்கு, பாவம். அவளுக்கு ஒரு நொடி சிரிப்பு வந்து போனது. கை? விரலை மடக்கி வைத்திருந்தாள், நான் பிரித்துப் பார்த்தேன், நகம் எல்லாம் வளர்ந்திருந்தது. யார் தூக்கிக்கொண்டு போனது? நான்தான், காரில் மடியில் வைத்துக்கொண்டேன், கடைசி வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

"எவ்ளோ பெருசு இருந்தா?"

"ஒண்ணே முக்கால் கிலோ."

"கிலோ கேக்கல."

நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். இடது உள்ளங்கையில் தலை. வலது கை முதுகுக்கும் காலுக்கும். இவ்வளவு நீளம். அப்படித்தான் பிடித்திருந்தேன், கைக்கு மறக்கவில்லை.

கோமதி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கைகளை என் கைகளுக்கு அடியில் கொடுத்து, மெதுவாக வாங்கிக்கொண்டாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, மடித்த கைகளைக் குனிந்து பார்த்தாள்.

என் போன் அடித்தது. வண்டிக்காரர். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. "மாப்ள, நேரமாச்சு" என்று கட்டுச்சோற்றுப் பையோடு வந்த அத்தை, வாசலிலேயே நின்றுவிட்டார். மகளின் கைகளைப் பார்த்தார். பையைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே சுவரோரம் உட்கார்ந்தார்.

கோமதி கைகளை இறக்கும்போது மணி ஐந்தேகால்.